பீரங்கி சுட்ட பையனுக்குப் பேராசிரியர் வேலை

மூளையைப் பற்றிய புத்தகங்களில் அடிக்கடி ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ தலைகாட்டும். தாடி வைத்த ஒருவர் மைக்ராஸ்கோப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கி, ஆழ்ந்த யோசனையில் இருப்பார். சந்தியாகோ ரமோன் இ கஹால், ஸ்பெயின்காரர். நரம்பு மண்டலம் தனித்தனிச் செல்களால் ஆனது என்று நிறுவியவர், 1906-இல் நோபல் வாங்கியவர். ஆஹா, என்ன தவம், என்ன ஏகாந்தம் என்று நமக்குக் கை தானாகக் குவிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்த மாதிரிப் படங்களை எடுத்தது அவரேதான். வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே யோசனையில் ஆழ்ந்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு செல்ஃபி!

இவர் பேராசிரியர் ஆன கதையை வரலாற்றாசிரியர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1883-இல் வலென்சியா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர் ஆனார். அவ்வளவுதான். ஏதோ ஒருநாள் காலையில் தபால்காரர் ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி! அந்த வரிக்குள் ஒரு பீரங்கி, ஒரு லாக்கப், ஒரு சலூன், ஒரு செருப்புக் கடை, ஒரு கல்லறைத் தோட்டம், கியூபாவின் கொசுக்கள் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. முதலில் பீரங்கி.

பையனுக்கு வயது பதினொன்று. ஊர், ஆரகோன் பகுதியில் அயெர்பே. ஒரு மரக்கட்டையைக் குடைந்து, கம்பியும் கயிறும் சுற்றி, வெடிமருந்தும் கல்லும் திணித்து, அசல் பீரங்கி ஒன்றைத் தயார் செய்துவிட்டான். வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பக்கத்து வீட்டுத் தோட்டத்தின் புத்தம்புதுக் கதவைக் குறிவைத்துச் சுட்டான். நன்றாகவே வேலை செய்தது. ஊர்த் தலைவர் ஆள் அனுப்பிச் சில நாள் உள்ளே தள்ளினார். தகப்பனார் ஓடிவந்து ஜாமீன் எடுப்பார் என்று நினைக்கிறீர்களா? அவருக்கு இந்த ஏற்பாட்டில் பூரண திருப்தி.

அந்தத் தகப்பனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் ஹுஸ்தோ. விவசாயக் குடும்பம். நாவிதரும் அவரே, அறுவைச் சிகிச்சைக்காரரும் அவரே என்ற அந்தக்கால ஆசாமி ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, படிப்படியாகப் படித்து டாக்டர் ஆனவர். இப்படிச் சொந்தக் காலில் மேலே வந்த அப்பாக்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய சோதனை என்று உங்களுக்குத் தெரியாததா? பையன் ஓவியனாக வேண்டும் என்றான். அப்பா, டாக்டர் என்றார். சரி, திறமை இருக்கிறதா என்று ஒரு நிபுணரிடம் கேட்டுவிடலாம் என்று பையன் வரைந்த ஒரு புனிதரின் படத்தை எடுத்துக்கொண்டு போனார். ஊரில் அகப்பட்ட நிபுணர், தேவாலயச் சுவருக்கு வெள்ளையடிக்க வந்திருந்த ஆள். அவர் படத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தேறாது என்று தீர்ப்பு சொன்னார். பிற்காலத்தில் உலக மியூசியங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய கோடுகளை வரைந்த கைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் இது. பெயின்டர் சொன்னால் அப்பீல் கிடையாது.

பையன் பள்ளிக்கூடத்திலும் அடங்கவில்லை. அப்பா தன் மனிதவளக் கொள்கையைச் செயல்படுத்தினார். கொஞ்ச நாள் முடிதிருத்தும் கடையில் எடுபிடி. அப்புறம் செருப்புத் தைக்கிற கடை. கஷ்டம் தெரிந்தால் படிப்பான் என்பது திட்டம். துரதிர்ஷ்டவசமாக, பையனுக்குச் செருப்புத் தைக்க நன்றாக வந்துவிட்டது!

கடைசியில் அப்பா ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். 1868-ஆம் ஆண்டுக் கோடை. நிலா வெளிச்சத்தில் அப்பாவும் பிள்ளையும் கல்லறைத் தோட்டத்துச் சுவரேறிக் குதித்து, மண்ணுக்கு வெளியே கிடந்த மனித எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். வரைவதுதானே வேண்டும் உனக்கு, இந்தா, இதை வரை. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான் பையன். எலும்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் ரசித்து ரசித்து வரைய ஆரம்பித்தான். மருத்துவக் கல்விக்கு ஆள் சேர்க்கும் முறைகளில் இதைவிட மலிவானது இன்றுவரை வரவில்லை. இன்ஸ்பெக்டர் வந்திருந்தால் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உள்ளே போயிருப்பார்கள்.

சரகோசாவில் மருத்துவம் படிக்கிற காலத்தில் ஒரு சக மாணவனிடம் கை மல்யுத்தப் போட்டியில் தோற்றுப்போனார். மனிதர் வீட்டுக்குப் போய் அழவில்லை. ஜிம்முக்குப் போனார். ஃபீஸ் கட்டக் காசில்லை. ஜிம் உரிமையாளருக்குத் தசைகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன், நீங்கள் எனக்குத் தசை வளர்த்துவிடுங்கள் என்று பண்டமாற்று பேசிக்கொண்டார். மார்பு விரிந்தது, நடை மாறியது, தெருவில் இரும்புத் தடியோடு வலம் வந்தார். வயதான பிறகு எழுதிய சுயசரிதையில் அந்த மார்பின் சுற்றளவைச் சென்டிமீட்டர் கணக்கில் குறித்து வைத்திருக்கிறார். நரம்புச் செல் வேறு, மார்பு வேறு. இரண்டிலும் துல்லியம் முக்கியம்.

1873-இல் டாக்டர் பட்டம். ராணுவம் அழைத்தது, 1874-இல் கியூபாவுக்கு அனுப்பியது. நல்ல ஊரில் போஸ்டிங் கிடைக்க அப்பா எங்கெங்கோ அலைந்து சிபாரிசுக் கடிதங்கள் வாங்கிக் கொடுத்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் அவரவர் கடிதத்தை நீட்டினார்கள். நம் ஆள் மட்டும், தகுதி இருக்கிறவனுக்குச் சிபாரிசு எதற்கு என்று கடிதங்களைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நேர்மைக்குப் பரிசாகச் சதுப்பு நிலத்துக்கு நடுவில், கொசு பிடுங்குகிற முகாம் ஒன்று கிடைத்தது. மலேரியா, சீதபேதி. அடுத்த வருஷமே எலும்பும் தோலுமாகக் கப்பலேறினார். ஜிம்மில் கட்டிய மார்பு கியூபாவிலேயே தங்கிவிட்டது.

1877-இல் மாட்ரிட்டுக்கு முனைவர் பட்டப் பரீட்சைக்குப் போன இடத்தில் மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்த்துச் சொக்கிப்போனார். ஊர் திரும்பியதும் சொந்தமாக ஒன்று வாங்கினார். கியூபாவில் ரத்தம் கொடுத்துச் சம்பாதித்த காசு; அதுவும் போதாமல் தவணை. ஒரு விஞ்ஞானத் துறையே இ.எம்.ஐ.யில் பிறந்திருக்கிறது, பாருங்கள்.

இனி, வேலை. அந்தக்கால ஸ்பெயினில் பேராசிரியர் ஆக வேண்டுமானால் ஒப்போசிசியோனெஸ் என்ற போட்டித் தேர்வு உண்டு. நம் நெட், செட்டெல்லாம் இதற்கு முன்னால் பச்சைக் குழந்தை. மாட்ரிட்டில், பொதுமக்கள் வேடிக்கை பார்க்க, நடுவர் குழு முன்னால் நின்று மணிக்கணக்கில் பிரசங்கம் செய்ய வேண்டும். கூட வந்த போட்டியாளர்கள் எழுந்து நீ சொன்னது தப்பு, படித்தது பழசு என்று கிழிப்பார்கள். பிறகு அவர்களை நீங்கள் கிழிக்க வேண்டும். விஷயம் தெரிந்திருந்தால் போதாது. குரல் வேண்டும், கைவீச்சு வேண்டும், ஜெர்மானியப் பெயர்களை நாக்குச் சுளுக்காமல் உதிர்க்க வேண்டும். வருங்காலச் செல் ஆராய்ச்சியாளரைத் தேர்ந்தெடுக்க இவர்கள் வைத்திருந்த சோதனையில் தேறக்கூடியவர் நல்ல வக்கீல்தான்.

1878-இல் முதல் முயற்சி. அதுவும் அப்பாவின் பிடுங்கலில்தான். இன்னும் தயாராகவில்லை என்று பிள்ளை சொல்லச் சொல்லக் கேட்காமல் வண்டியேற்றி அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்களின் பழைய புத்தகங்களை மனப்பாடம் செய்து வந்த சரகோசா இளைஞன், புதுச் சரக்கோடு வந்த மாட்ரிட் ஆட்களிடம் வகையாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பேச்சில் கிராமத்து வாடை, நாகரிக வாதத்தில் பழக்கமில்லை, கோபம் வேறு மூக்கின் நுனியில். தோல்வி. போதாக்குறைக்கு அதே ஆண்டில் காசநோய் வந்து ரத்தம் கக்கினார். பிழைத்தெழுந்ததும் செய்த காரியம், கல்யாணம். இவன் ஆராய்ச்சி இத்தோடு ஒழிந்தது என்று நண்பர்கள் அனுதாபப்பட்டார்கள். சில்வேரியா என்ற அந்தப் பெண்மணி ஏழு பிள்ளைகளையும் கணவனையும் மைக்ராஸ்கோப்பையும் சமாளித்தார். அவருக்கு யாரும் நோபல் தரவில்லை, அதற்கென்று ஒரு பிரிவும் இல்லை.

இரண்டாவது முயற்சியும் படுத்தது. யாருக்கு வேலை என்பது முன்னாலேயே முடிவாகிவிட்டிருந்தது என்று கஹால் பிற்பாடு பொருமியிருக்கிறார். வேலை கிடைக்காத எல்லோரும் சொல்வதுதானே என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. வேலை கிடைத்தவர்கள் மட்டும் அப்படிச் சொல்லிக் கேட்டதுண்டா?

ஆனால் தோல்வியில் ஒரு உபகாரம் நடந்தது. நடுவர்கள் எதில் மடக்கினார்களோ அதைத் தேடித் தேடிப் படித்தார். ஜெர்மன் மொழியில் எழுத்துக்கூட்டி வாசித்தார். வீட்டுக்குள்ளேயே கூடம் அமைத்துத் திசுக்களைச் சீவிச் சாயம் போட்டார். மூன்றாவது படையெடுப்பில், 1883-இல், வலென்சியா விழுந்தது. வயது முப்பத்தொன்று.

புதுப் பேராசிரியர் வலென்சியா போய் என்ன செய்தார் என்கிறீர்கள்? முதல் நாளே மூளையைக் கூறு போட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றவும் சாப்பிடவும் ஒரு கிளப் சேர்த்தார்! பாயேய்யா என்கிற சோற்றுக்குப் பேர்போன ஊரில் வேறென்ன செய்வது? அடுத்து ஹிப்னாடிசம். வீட்டுக்கு நோயாளிகளை வரவழைத்து, கண்ணைப் பார், தூங்கு என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டம் அலைமோதியது. சொந்த மனைவியின் பிரசவ வலியையும் இந்த வித்தையால் குறைத்துக் கட்டுரை எழுதினார். நல்லவேளையாக அலுத்துப்போய் நிறுத்தினார். இல்லாவிட்டால் இன்று நாம் அவரை மெய்ஞ்ஞானி என்று கும்பிட்டுக்கொண்டிருப்போம்.

1885-இல் காலரா வந்தது. சரகோசா மாகாண அரசுக்காகக் கஹால் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அரசு மகிழ்ந்து, சைஸ் கம்பெனி மைக்ராஸ்கோப் ஒன்றைப் பரிசளித்தது. பொன்னாடையும் கேடயமும் கொடுத்து அனுப்பாமல் உபயோகமாக ஒன்றைக் கொடுத்த அந்த அதிகாரி யாரோ, அவருக்கு என் வணக்கம்.

1887. மறுபடி மாட்ரிட், மறுபடி போட்டித் தேர்வு. இந்தத் தடவை கஹால் நடுவர் நாற்காலியில்! யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, ஓய்வு நேரத்தில் எங்கே போனார் என்பதுதான் மனித குலத்துக்குப் பயன்பட்டது. லூயிஸ் சிமாரோ என்ற டாக்டரின் வீட்டில் ஒரு ஸ்லைடைப் பார்த்தார். மஞ்சள் பின்னணியில் கன்னங்கரேலென்று ஒரு நரம்புச் செல், கிளை கிளையாக, நுனி வரைக்கும் தெளிவாக. அதுவரை எல்லோரும் பார்த்தது தலைகால் புரியாத சிக்கல்தான். இந்தச் சாயம் கூட்டத்தில் ஏதோ சில செல்களை மட்டும் பொறுக்கியெடுத்து முழுசாகக் கறுப்பாக்கியது. இவருக்கு மண்டைக்குள் மணி அடித்தது.

அந்தச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. கண்டுபிடித்தவர் இத்தாலியின் காமில்லோ கோல்ஜி. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படம் வரைந்தோமே கோல்கை உறுப்பு, அதே கோல்ஜி. அவருக்கும் ஒரு அப்பா இருந்தார், அவரும் டாக்டர். ஆராய்ச்சி கீராய்ச்சி எல்லாம் போதும், மாசச் சம்பளம் வருகிற வேலையைப் பார் என்று நெருக்கவே, மிலான் பக்கத்தில் அப்பியாதேகிராஸ்ஸோ என்ற சிற்றூரில் தீராத நோயாளிகள் விடுதிக்குத் தலைமை மருத்துவராகப் போனார். ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. சமையலறை இருந்தது. அங்கே பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய மூளைத் துண்டின்மேல் சில்வர் நைட்ரேட்டை விட்டு, 1873-இல் அந்தக் கறுப்புச் சாயத்தைச் சமைத்தார். செல் உயிரியலுக்கு இரண்டு அப்பாக்கள் செய்த சேவையை யாராவது தனியாக எழுத வேண்டும்.

அதே 1887-இல் கஹால் பார்சலோனா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இந்த முறை பாடம் திசுவியல். மனசுக்குப் பிடித்த வேலை. கோல்ஜியின் முறையில் ஒரு தடவை ஊறவைத்ததை இவர் இரண்டு தடவை ஊறவைத்தார். நரம்பிழையைச் சுற்றி உறை உருவாகிவிட்டால் சாயம் ஏறாது என்பதால், உறை வளராத கோழிக்குஞ்சுக் கருவையும் குட்டி விலங்குகளையும் எடுத்துக்கொண்டார். வளர்ந்த காட்டில் வழி தேடுவானேன், நாற்றங்காலில் பார்ப்போம் என்கிற எளிய புத்தி. பார்த்தால், ஒரு செல்லின் கிளை அடுத்த செல்லைத் தொடுகிற மாதிரி வந்து நின்றுவிடுகிறது, ஒட்டிக்கொள்ளவில்லை. நரம்பு மண்டலம் முழுக்க ஒரே வலை என்று சத்தியம் செய்துகொண்டிருந்த கோல்ஜிக்கு, கோல்ஜியின் சாயத்தாலேயே மறுப்பு.

இந்தச் சமயத்தில் மனிதர் தூக்கம் தொலைத்து உழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். தூக்கம் தொலைந்தது உண்மை. காரணத்தில் பாதி சதுரங்கம். கிளப்பில் ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடுவது, ராத்திரி கனவிலும் குதிரையை நகர்த்துவது என்று பித்துப் பிடித்துவிட்டது. விட வேண்டும், ஆனால் தோற்றுவிட்டு விடுவதற்குத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஒரு வாரம் எல்லோரையும் ஜெயித்தார், எழுந்தார், வந்துவிட்டார். அதற்கப்புறம் பல வருஷம் காயைத் தொடவில்லை. ஆணவம் சில சமயம் மருந்தாகவும் வேலை செய்கிறது.

கண்டுபிடித்தாயிற்று, யாரிடம் சொல்வது? ஸ்பானிய மொழியில் எழுதினால் ஐரோப்பாவில் படிக்க நாதியில்லை. 1888 மே மாதம் சொந்தக் காசில் ஒரு காலாண்டுப் பத்திரிகை ஆரம்பித்தார். ஆசிரியர் கஹால். கட்டுரையாளர் கஹால். ஓவியர் கஹால். மேலாளர், விநியோகஸ்தர் எல்லாம் கஹால். 60 பிரதிகள். பெரும்பாலானவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். கிணற்றில் போட்ட கல்.

சரி, காகிதத்தில் நம்பவில்லையா, கண்ணில் காட்டுகிறேன் என்று 1889 அக்டோபரில் பெர்லினுக்குக் கிளம்பினார். ஜெர்மானிய உடற்கூறியல் சங்கத்தின் மாநாடு. சைஸ் மைக்ராஸ்கோப்பும் ஸ்லைடுப் பெட்டியும் கையில். ஜெர்மன் பேச வராது, உடைந்த பிரெஞ்சு. ஸ்பெயினில் மைக்ராஸ்கோப்கூட இருக்கிறதா என்கிற மாதிரிப் பார்வைகள். கூச்சப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பீரங்கி சுட்ட கையல்லவா? அந்தத் துறையின் பிதாமகர் கோலிக்கரை, எழுபத்திரண்டு வயதுக் கிழவரை, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய்த் தன் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். கிழவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை வலைக் கட்சியில் இருந்தவர், கட்சி மாறினார். அதுவும் போதாதென்று, இந்தப் பையன் எழுதுவதைப் படிப்பதற்காக அந்த வயதில் ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டார்! இந்தக் கதையில் எனக்குக் கேலி செய்ய மனசு வராத ஒரே ஆள் அவர்தான்.

வரும் வழியில் பாவியா நகரத்தில் இறங்கினார், கோல்ஜியை நேரில் பார்த்து வணங்கிவிட்டுப் போகலாம் என்று. கோல்ஜி ஊரில் இல்லை. அன்றைக்கு இருந்திருந்தால் ஒரு காப்பியோடு பல வருஷப் பகை தீர்ந்திருக்கலாம் என்று கஹால் நினைத்தார். எனக்கென்னவோ காப்பிக் கோப்பை பறந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

நடுவில் வால்டையர் என்ற ஜெர்மானியர் 1891-இல் எல்லோருடைய ஆராய்ச்சியையும் தொகுத்து எழுதி, இந்தச் செல்லுக்கு நியூரான் என்று பேர் வைத்தார். 1888-இல் குரோமோசோமுக்கும் பேர் வைத்தவர் இவரே. மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு இவர் பேர்சூட்டு விழா நடத்திக்கொண்டே போனார். பேர் நிலைத்துவிட்டது, சாமர்த்தியசாலி.

1892-இல் மாட்ரிட்டிலேயே பேராசிரியர். மளமளவென்று விருதுகள். 1906-இல் ஸ்டாக்ஹோமில் இருந்து தகவல்: மருத்துவ நோபல் இருவருக்குப் பாதிப்பாதி, கோல்ஜிக்கும் கஹாலுக்கும். ஆயுள் முழுக்க ஒருவரையொருவர் மறுத்த இருவர் அங்கேதான் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். டிசம்பர் 11 அன்று கோல்ஜி பேசினார். தலைப்பே நியூரான் கொள்கை. அது ஏன் தவறு, எப்படி மவுசு இழந்து வருகிறது என்று, பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த அதே கொள்கையைப் பந்தாடினார். மறுநாள் கஹால் முறை. வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. கோல்ஜியின் சாயத்துக்குப் புகழாரம். அடுக்கடுக்காக ஆதாரம். கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்துப் பிறகு சுயசரிதையில் வட்டியோடு தீர்த்துக்கொண்டார்.

யார் ஜெயித்தது? 1950-களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் நரம்புத் திசுவின்மேல் திரும்பியது. இரண்டு நியூரான்களுக்கு நடுவே பொடி இடைவெளி தெரிந்தது, கஹால் சரி. அதே கருவி இன்னொன்றையும் காட்டியது. செல்லுக்குள் ஒரு வலையமைப்பு இருக்கிறது என்று கோல்ஜி 1898-இல் சொன்னதைப் பல பேர் சாயம் செய்த கோளாறு என்று அரை நூற்றாண்டாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது நிஜமாகவே இருந்தது. நம் கிழவர்கள் இரண்டு பேரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதால் ஸ்டாக்ஹோமில் இன்னொரு சண்டை தப்பியது.

சிபாரிசையும் முன்முடிவுகளையும் பொருமித் தீர்த்த கஹால் தன் ஆய்வுக்கூடத்துக்கு ராஜாவான பிறகு எப்படி நடந்துகொண்டார்? பியோ தெல் ரீயோ ஓர்த்தேகா என்ற சிஷ்யர் 1919-இல் மைக்ரோகிளியா என்ற புதுவகைச் செல்லை அடையாளம் காட்டினார். குருநாதர் சரியாகப் பிரித்தறியாமல் விட்ட சமாச்சாரம். அடுத்த வருஷமே, கோள்மூட்டல்களும் சேர்ந்துகொள்ள, சிஷ்யர் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே. பின்னாளில் சமாதானம் ஆனார்கள் என்பது வேறு. நடுவர் நாற்காலி அப்படிப்பட்ட ஃபர்னிச்சர், உட்கார்ந்தவர்களைப் பதம் பார்க்காமல் விடுவதில்லை.

2001-இல் ஸ்பெயின் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. திறமையான ஆராய்ச்சியாளர்கள் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைய ஐந்தாண்டு ஒப்பந்தம், கடும் போட்டி. பெயர், ரமோன் இ கஹால் திட்டம். மனுப் போட சி.வி. கேட்கிறார்கள், பிரசுரமான கட்டுரைகளைக் கேட்கிறார்கள், எந்தப் பத்திரிகை, எவ்வளவு பெயர்பெற்றது என்றும் பல வருஷம் பார்த்தார்கள். ஆசிரியரும் கட்டுரையாளரும் ஓவியரும் ஒரே ஆளாக, சொந்தக் காசில் 60 பிரதி அச்சடித்த காலாண்டிதழ் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அந்த மனு எந்தக் கூடைக்குப் போகும் என்பதைத் திட்டத்தின் பெயருக்கு உரியவர்தான் வந்து சொல்ல வேண்டும்.